நவீன ஓவியக் கண்காட்சி, பினாலே எல்லாம் நேரில் பார்க்க வேண்டும்: வேலூர்ப் பக்கத்திலிருந்து எங்கே தொடங்குவது?

வாலாஜா டிராயிங் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வாலாஜா பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் முடித்து, டிடிசி என்கிற ஆசிரியர் சான்றிதழ் வாங்கியவள். ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், ஜியோமெட்ரிகல் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லித் தருவேன். ஆனால் இன்றைக்கு நாட்டில் ஓவியம், சிற்பம் என்று என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் போனை எடுத்துக் காட்டுவதோடு சரி. நானே நேரில் பார்த்தது கிடையாது.

பிளஸ் ஒன்னில் ஒரு பையன் இருக்கிறான். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் ஷிப்டு வேலை. பையன் காகிதத்தில் வரைவதே இல்லை. கல்யாணம், காதுகுத்து முடிந்து கழற்றிப் போட்ட ஃபிளெக்ஸ் பேனரை வாங்கி வந்து, பின்பக்கத்தில் மிச்ச பெயின்ட்டை வைத்து ஆள் உயரத்துக்கு வரைகிறான். லாரியிலிருந்து ஈரத்தோல் இறக்குகிறவர்களை ஒருமுறை வரைந்திருந்தான். முகமே இல்லை, முதுகுகள் மட்டும். நான் என்ன மார்க் போடுவது என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

அவனையும் இன்னும் மூன்று நான்கு பிள்ளைகளையும், துணைக்கு ஒரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்காவது போகலாம் என்று ஆசை. கொச்சியில் பினாலே என்று சில வருஷத்துக்கு ஒருமுறை வைக்கிற பெரிய கலைக் கண்காட்சி நடக்கிறதாமே, முதல் தடவையே அவ்வளவு தூரம் போகலாமா? சென்னை போதுமா? எங்களை மாதிரி ஆட்களை உள்ளே விடுவார்களா, செலவு எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் பிரஷ்:

டீச்சர், வணக்கம். நான் படித்த ஓவியன் இல்லை. சுவர் எழுதுகிறவன். சிமென்ட், பீடி, உர விளம்பரம், எலக்‌ஷன் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சின்னம். ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அதற்கப்புறம் சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய சுவர் ஓவியம் வரைகிறவர்களிடம் கலர் நிரப்பும் வேலைக்குப் போனேன். அந்தப் பழக்கத்தில்தான் கண்காட்சிகளுக்குப் போக ஆரம்பித்தேன். அதனால் நான் சொல்வதெல்லாம் வேலைக்காரன் பார்வை.

உள்ளே விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடுவார்கள். சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் டிக்கெட்டே கிடையாது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். பாதி நாள் அங்கே ஓவியரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், ஆள் வராதா என்று பார்த்துக்கொண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்டால் அவருக்கே சந்தோஷம். பின்னால் பிரிண்ட் போடும் பட்டறையும் சிற்பப் பட்டறையும் உண்டு. கேட்டுப் பாருங்கள், வேலை நடக்கிற நேரமாக இருந்தால் எட்டிப் பார்க்க விடுவார்கள்.

ஆனால் நீங்கள் சொல்கிற பையனை முதலில் கேலரிக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆள் உயரத்துக்கு வரைகிறவன் சின்னச் சட்டத்துக்குள் இருக்கிறதைப் பார்த்தால் கொட்டாவி விடுவான். அவனுக்குச் சுவரைக் காட்டுங்கள். ஓஎம்ஆரில் துரைப்பாக்கம் கண்ணகி நகர். நகரத்துக் குடிசைகளிலிருந்தும் சுனாமிக்கு அப்புறமும் கொண்டுவந்து குடிவைத்தவர்கள் இருக்கும் வாரியக் குடியிருப்பு. 2020இல், தெருச் சுவர்களில் ஓவியம் வரைய வைக்கிற ஸ்டார்ட் இந்தியா அமைப்பு சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே பிளாக் பிளாக்காகச் சுவர் முழுக்க வரைய வைத்தது. 2014இல் தொடங்கின இந்த அமைப்புதான் டெல்லி லோதி காலனியையும் வரைய வைத்தது. டெல்லிக்கு எப்போதாவது போனால் அந்தத் தெருக்களை நடந்தே பார்க்கலாம், காசு கிடையாது.

கண்ணகி நகரில் பையனை எங்கே நிற்கச் சொல்ல வேண்டும் என்றால், சுவருக்கு ஒட்டி. தூரத்திலிருந்து முகம் தெரியும், அது யாருக்கும் தெரியும். ஒட்டி நின்றால்தான் பாத்ரூம் பிவிசி பைப் சுவரில் நேராக இறங்குவதும், ஓவியர் அதையும் சேர்த்து வரைந்துகொண்டு போயிருப்பதும் தெரியும். பைப்பின் வளைவில் கலர் ஒரு நூல் நகர்ந்தாலும் கீழேயிருந்து பார்க்கிறவனுக்குக் கோடு உடைந்துவிடும். அதற்காக பைப்பில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் சாய்த்து இழுப்போம். ஜன்னல், ஏசி பெட்டி, கொடிக்கயிறு கட்டிய ஆணி, எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு.

அளவெடுக்கும் விதமும் மாறிவிட்டது. எங்கள் காலத்தில் சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் நூலில் காவித்தூள் தடவி, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து ஒரு சுண்டு. கோடு விழும். அப்படியே கட்டம் போட்டுப் பெரிதாக்குவோம். இப்போது சுவர் முழுக்க முதலில் கிறுக்குகிறார்கள். எழுத்து, வட்டம், சுழி, கைக்கு வந்ததெல்லாம். அதைப் போட்டோ எடுத்து, வரைய வேண்டிய படத்தை போனில் அதன் மேலே ஏற்றிவிடுவார்கள். கூண்டு வைத்த கிரேனில் ஏறினால், "மூக்கு நுனி இந்த 'க'வுக்குப் பக்கத்தில் வருகிறது" என்று கிறுக்கலை வைத்தே இடம் கண்டுபிடிக்கலாம். கட்டம் தேவையில்லை. முதன்முதலில் பார்த்தபோது சுவரைப் பாழாக்குகிறார்களே என்று நினைத்தேன்! உங்கள் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், அடுத்த ஃபிளெக்ஸில் முயன்று பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்று. அது ஜனங்கள் குடியிருக்கிற இடம். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வரைந்து பல வருஷம் ஆயிற்று, வெயிலில் சில சுவர் வெளுத்திருக்கும். பெயின்ட் அடித்ததால் தண்ணீர்க் கஷ்டமும் வேலைக் கஷ்டமும் தீர்ந்துவிடவில்லை என்று அங்கே இருக்கிறவர்களே சொல்வார்கள். அதையும் பிள்ளைகள் கேட்கட்டும்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். ஓஷீன் சிவா, திருவண்ணாமலைக்காரர், இப்போது கோவாவில் இருக்கிறார். தலித் வாழ்க்கை, தமிழ் மரபு, எதிர்கால உலகம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு வரைகிறவர். பளிச்சென்ற கலர். இணையத்தில் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பழைய வட ஆற்காட்டுக்காரர் என்று தெரிந்தால் அவர்களுக்கு ஒரு தெம்பு வரும்.

ஆரணி டு பெங்களூரு:

டீச்சர், எல்லாரும் சென்னையையே சொல்வார்கள். காட்பாடியில் ஏறினால் பெங்களூரும் பக்கம்தான். வந்தே பாரத், டபுள் டெக்கர், பிருந்தாவன் எல்லாம் நிற்கும். பேலஸ் ரோட்டில் மாணிக்யவேலு மாளிகை, அதில் 2009லிருந்து தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது. மரத்தடி, புல்வெளி, கூட்டமே இருக்காது. கஸ்தூர்பா ரோட்டில் மேப் என்கிற கலை, புகைப்பட மியூசியம் 2023இல் திறந்தார்கள், விஸ்வேஸ்வரய்யா மியூசியம் இருக்கிற அதே வரிசை. இரண்டுக்கும் திங்கட்கிழமை லீவு. ஒரே நாளில் இரண்டும் முடியும். திரும்பும்போது பஸ் பிடிப்பது சுலபம்.

ஜனவரியில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தையை இந்த வருஷம் தவறவிட்டீர்கள். பெரும்பாலும் முதல் ஞாயிறு வரும். குமாரகிருபா ரோட்டில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ரோட்டோரம் முழுக்கப் படங்களை அடுக்கி விற்பார்கள். நல்லதும் இருக்கும், தாஜ்மகாலில் நிலா அடிக்கிற ரகமும் இருக்கும். வரைகிறவர்களே விலை சொல்வார்கள். ஒரு படம் என்ன விலைக்குப் போகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

சத்துவாச்சாரி சந்தேகம்:

எல்லாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் 2018 டிசம்பரில் கம்பெனி வேலையாகக் கொச்சி போனபோது அந்த பினாலேவைப் பார்த்தேன். ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று கடலோரத்துப் பழைய கிடங்கு. ஓர் அறையில் உடைந்த ஃப்ரிட்ஜ், டிவி, நாற்காலி, புத்தகம் எல்லாவற்றையும் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான். நம்மூர் பழைய இரும்புக் கடையில் டிக்கெட் போட்டால் நானும் கலைஞன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய் இதைக் காட்டுவதற்கு, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கல்யாண மண்டபத்து யாளித் தூணைக் காட்டலாம். அது வேலை. கையால் செய்தது. பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்.

குடியாத்தம் பிரஷ்:

சந்தேகம் சார், யாளித் தூணை நானும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் கடையில் வாங்கினது இல்லை. 2018 ஆகஸ்ட்டில் கேரளா வெள்ளத்தில் மூழ்கினது ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளம் புகுந்த வீடுகளிலிருந்து எடுத்துவந்த சாமான்கள் அவை. செய்தவர் பங்களாதேஷைச் சேர்ந்த மர்சியா ஃபர்ஹானா. வெள்ளம் வடிந்து நாலு மாசத்தில் கண்காட்சி. பார்க்க வந்த மலையாளிகள் பலரிடம் அதே மாதிரி ஃப்ரிட்ஜ் வீட்டில் இருந்திருக்கும். நான் போனபோது எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, ஊறி உப்பிப்போன ஒரு புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் புத்தகம்.

2015இல் வேலூரிலும் மழை கொட்டியது, சென்னையில் நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் மெத்தை, பீரோ எல்லாவற்றையும் தெருவில் போட்டார்கள்! அதை யாராவது ஒருவர் எடுத்துத் தொங்கவிட்டிருந்தால் நாம் இரும்புக் கடை என்று சொல்லியிருப்போமா? எனக்குத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முந்தைய பினாலேவில், 2016 டிசம்பரில் தொடங்கினது, சிலி நாட்டுக் கவிஞர் ரவூல் சுரீதா ஒன்று செய்திருந்தார். அதை மறக்க முடியாது. நீண்ட கிடங்கு அறை. தரை முழுக்கக் கடல் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். படம் கிடையாது, சிலை கிடையாது. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். சுவரில் வரிவரியாகக் கேள்விகள். கடைசிச் சுவரில் ஒரு கவிதை. துருக்கிக் கடற்கரையில் செத்துக் குப்புறக் கிடந்த சிரியாக் குழந்தை ஆலன் குர்தியின் போட்டோவை உலகமே பார்த்தது இல்லையா, அவனோடு அவன் அண்ணன் காலிப்பும் மூழ்கிப் போனான். அவனை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அந்த அண்ணனுக்காக எழுதினது. கவிதையைப் படிக்க வேண்டும் என்றால் தண்ணீரைக் கடந்துதான் ஆக வேண்டும். உள்ளே கலகலவென்று போன காலேஜ் பசங்கள் பாதித் தண்ணீரில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை.

அந்த வேலையில் கைத்திறமை எங்கே என்று கேட்டால், நானும் தேடினேன். தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கிறது. கணுக்கால் அளவு என்றால் விளையாட்டாகிவிடும், இடுப்பளவு என்றால் யாரும் இறங்க மாட்டார்கள். நடக்கவும் முடிய வேண்டும், நடக்கச் சிரமமாகவும் இருக்க வேண்டும். அதை யோசித்தவன் கெட்டிக்காரன்.

பிடிக்காததும் நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டறையில் முக்கால் மணி நேரம் வீடியோ ஓடும், பெஞ்சு இருக்காது. சுவரில் ஒட்டிய விளக்கத்தைப் படித்தால் விளக்கத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். அதையெல்லாம் தாண்டிப் போய்விடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

காட்பாடி அத்தை:

டீச்சர், அண்ணா கலையைச் சொல்லிவிட்டார். நான் காலைச் சொல்கிறேன். கொச்சிக்கு மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிப் போன அனுபவம்.

ராத்திரி காட்பாடியில் ஆலப்புழா எக்ஸ்பிரஸோ திருவனந்தபுரம் மெயிலோ பிடித்தால் காலையில் எர்ணாகுளம். பொங்கலை ஒட்டி இடமே கிடைக்காது, பிப்ரவரியில் போங்கள். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஆட்டோ பேசாதீர்கள், படகில் போங்கள். பணமும் மிச்சம், பிள்ளைகளுக்கு அதுவே பாதித் திருவிழா. நடக்கிற தூரம் அதிகம், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்த என் பெரியவள் மத்தியானத்துக்கு மேல் வெறுங்காலில் நடந்தாள். தண்ணீர் பாட்டில், தொப்பி கட்டாயம். டிக்கெட் உண்டு, மாணவர்களுக்குக் குறைவு, பள்ளி அடையாள அட்டை எடுத்துப் போங்கள்.

குழந்தைகள் தாங்களே வரைந்து, செய்து பார்க்கிற ஏற்பாட்டையும் பினாலேக்காரர்கள் தனியாக வைக்கிறார்கள். நாடு முழுக்கக் கலைக் கல்லூரிப் பிள்ளைகள் செய்ததை ஸ்டூடன்ட்ஸ் பினாலே என்று வேறு இடத்தில் வைப்பார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. மட்டமானதும் இருந்தது, ஆனால் பயமில்லாமல் செய்திருந்தார்கள்.

மாமியார் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "கட்டடம் நல்லாயிருக்கு" என்றார். மீன் வலையையும் நல்லா இருக்கு என்றார்.

வாலாஜா டிராயிங் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். சுவரில் கிறுக்கிவிட்டு வரைகிற விஷயத்தைக் கேட்டதும் பையன் சிரித்துவிட்டான், மற்றவர்கள் உடனே பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தார்கள். ஹெச்எம்மிடம் பேசியிருக்கிறேன். முதலில் சென்னை ஒரு நாள், பிப்ரவரியில் கொச்சி என்று யோசனை. கொச்சி எதுவரை நடக்கும்? சென்னையில் கண்ணகி நகரோடு வேறு என்ன சேர்க்கலாம்? அந்தப் பையன் பிளஸ் டூ முடித்து இதையே படிக்கலாமா என்று அவன் அம்மா கேட்கிறார், அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள். சந்தேகம் சாரின் யாளித் தூணையும் விட மாட்டோம், அது அடுத்த சனிக்கிழமையே!

குடியாத்தம் பிரஷ்:

இந்தக் கொச்சி பினாலே 2026 மார்ச் 31 வரை டீச்சர். 2012 டிசம்பர் 12இல் தொடங்கினது, கோவிட்டால் ஒன்று தள்ளிப்போய், 2025 டிசம்பரில் தொடங்கின இது ஆறாவது. இந்தத் தடவை எதை வைப்பது என்று பார்க்கிற பொறுப்பு கலைஞர் நிகில் சோப்ராவுக்கு. நீங்கள் பிப்ரவரி என்று வைத்திருப்பதே சரி. இந்த மாதிரி பெரிய கண்காட்சிக்குத் தொடங்கின வாரத்தில் போகவே கூடாது. 2022இல் வேலை முடியாமல் திறப்பையே டிசம்பர் 23க்குத் தள்ளினார்கள்.

சென்னையில் காலையில் சென்ட்ரலில் இறங்கினதும் மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். எல்லாரும் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பார்கள், கீழே நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பாறையைத் தள்ளுகிற நாலு பேர். தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். முகத்தை விட்டுவிட்டு முதுகையும் பின்னங்காலையும் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் பையனுக்கு அதில் வேலை இருக்கிறது. பிறகு கண்ணகி நகர். நேரம் இருந்தால் ஈசிஆரில் சோழமண்டலம், 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து உண்டாக்கின ஓவியர் கிராமம். அங்கே சென்னை ஓவியர்களின் வேலைகளை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். ஏ.பி. சந்தானராஜ் பெயர் வந்தால் நின்று பாருங்கள், திருவண்ணாமலையில் பிறந்தவர். எழும்பூர் மியூசியத்தையும் சேர்ப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வராதீர்கள், மூடியிருக்கும். ஆனால் நான் சேர்க்க மாட்டேன். ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் போனால் கண் மரத்துவிடும்.

படிப்பு: ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி, சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். 1850இல் தொடங்கினது, ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வராக இருந்த இடம். பிளஸ் டூவுக்கு அப்புறம் பிஎஃப்ஏ என்கிற கவின் கலைப் பட்டப் படிப்பு நாலு வருஷம், நுழைவுத் தேர்வு உண்டு. அரசுக் கல்லூரி, அதனால் செலவைப் பார்த்து அந்த அம்மா பயப்பட வேண்டாம். அவன் வரைந்த ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். பெயின்ட் அதில் ரொம்ப நாள் ஒட்டாது, மடித்தால் உரிந்துவிடும். சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

நம்மூரில் ஒன்றுமே இல்லை என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மாசி அமாவாசைக்குப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, வைகாசி பிறந்தால் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, செய்யாறு பக்கம் புரிசையில் விடிய விடியக் கூத்து. திருவிழாவுக்கு மூங்கில் சட்டத்தில் சீரியல் செட் கட்டி இருபது அடி அம்மனை மின்ன வைக்கிறார்களே, அவர்கள் வேலை செய்வதை ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்த பல்பு எப்போது அணைய வேண்டும் என்று அவர்கள் போடும் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வாலாஜா டிராயிங் டீச்சர்:

இன்னும் ஒன்றே ஒன்று அண்ணா. கண்காட்சிக்குள் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்து வரையலாமா? திட்டுவார்களா?

குடியாத்தம் பிரஷ்:

வரையலாம், வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பென்சில் மட்டும். பேனா, வாட்டர் கலர் எல்லாம் பையிலேயே இருக்கட்டும். சின்ன நோட்டு, அட்டை வைத்தது. ஷார்ப்னர் எடுத்துப் போங்கள், சீவின தூளைக் கீழே போடாமல் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ச்மேன் அதற்குத்தான் திட்டுவார்.